நீலப் பரலில் ஒரு பெயர்

கனடாவில், ஸ்ரௌவ்வில் என்ற புறநகரில் ஒரு மனுசி தெருவோரமாக நடந்து போனால் கார்க்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்க்கிறார்கள். முதல்நாள் காலையில் என்னை இரண்டு பேர் மறித்து, வழி தவறிவிட்டதா என்று கேட்டார்கள். மூன்றாவதாகக் கண்ணாடியை இறக்கியவர் நம்மவர். "அன்ரி, ஆற்ற வீட்டுக்கு வந்தனீங்கள்? ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்" என்றார். சும்மா நடக்க வந்தனான் என்றேன். அவர் நம்பவில்லை. நான் அக்கா வீட்டு வாசலுக்குள் நுழையும்வரை பின்னாலேயே ஊர்ந்து வந்தார்.

நான் கனடாவுக்கு வந்தது நடக்கவும் அல்ல, ஊர் பார்க்கவும் அல்ல. ஜெசிந்தா அக்காவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. அவளுக்குச் சமைத்துப்போட மன்னாரிலிருந்து ஐந்து கிழமைக்கு வந்திருந்தேன். முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்து, அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆட்களை அதட்டி வேலை வாங்க வரும், பணிவிடை வராது. அக்காவுக்கும் இது தெரியும். வேறு ஆள் அகப்படாமல்தான் என்னைக் கூப்பிட்டாள்.

வந்தவுடனே குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். மீன் எல்லாம் செங்கல் மாதிரி அடுக்கியிருந்தது. ஒன்றுக்கும் கண் இல்லை. கண்ணைப் பார்க்காமல் மீன் வாங்குகிற ஊரில் எப்படி அக்கா இருபத்தைந்து வருடம் இருந்தாய் என்று கேட்டேன். "நீ கண்ணைப் பாத்துக் கறி வச்சது காணும், முதல் உப்பைப் பாத்துப் போடு" என்றாள். அவள் சுகப்பட்டு வருகிறாள் என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் புளி கரைத்துக்கொண்டிருக்க, முன்னறையில் அக்கா அழுகிற சத்தம் கேட்டது. காலை எங்கேயோ இடித்துவிட்டாள் என்று கையும் புளியுமாக ஓடினேன். அவள் தொலைக்காட்சியைக் காட்டினாள். கரிபியன் கடலில் ஒரு சின்னத் தீவு. அதன் வடக்குப் பக்கத்தில் ஒரு மலை. அந்த மலை காலையில் வெடித்திருந்தது. சாம்பல் நிறப் பூக்கோவா மாதிரிப் புகை மேலே மேலே விரிந்துகொண்டு போனது. அடுத்த படத்தில் பட்டப்பகலில் வாகனங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. ஒரு மாடு முழுக்கச் சாம்பல், கண் மட்டும் தெரிந்தது.

"வேர்னாவின்ர ஊர்" என்றாள் அக்கா.

வேர்னாவின் பெயரை நான் மன்னாரில் இருக்கும்போதே தொலைபேசியில் நூறு தரம் கேட்டிருக்கிறேன். அக்காவும் அவளும் ஒரே முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடமாகப் பராமரிப்பு வேலை செய்கிறார்கள். ஆளைத் தூக்கும்போது ஒருத்தி தலைப்பக்கம், மற்றவள் கால்பக்கம். அக்காவின் முழங்கால் கெட்டுப்போன கடைசி வருடம் பாரமான பக்கத்தையெல்லாம் வேர்னாதான் பிடித்தாளாம். "அவள் இல்லையெண்டா ரெண்டு முழங்காலும் போயிருக்கும்" என்று அக்கா சொல்வாள்.

எரிமலையை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. ஆனால் அடுத்ததாகக் காட்டிய அந்த லொறியைக் கண்டிருக்கிறேன். மேலே மெத்தை, மெத்தைக்கு மேலே ஆட்கள், ஒரு மனுசியின் மடியில் கோழி. சண்டைக்கு ஓடி, அப்படியொரு லொறியில்தான் நாங்களும் மடுக் கோயில் அகதிமுகாமுக்குப் போனோம். லொறியில் இருக்கிறவர்கள் கமராவைப் பார்க்கவில்லை, விட்டு வந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நானும் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன். புளி அப்படியே கிடந்தது.

அடுத்த நாள் அக்கா தன் செபமாலைக் குழுவுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தாள். வேர்னாவின் ஆட்கள் பார்க்டேலில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் கூடிப் பரல் நிரப்புகிறார்கள், சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் பிறம்ரனில் உள்ள களஞ்சியத்தில் ஒப்படைத்தால் கப்பலில் ஏறும் என்பது செய்தி. அந்தத் தீவு ஆட்களுக்குப் பரல் அனுப்புவது புதிதல்ல. பரல் என்பது நெஞ்சளவு உயரமான நீலப் பிளாஸ்ரிக் பீப்பாய். ஒன்றை வாங்கி வீட்டு மூலையில் வைத்து, வருடம் முழுக்க உடுப்பும் சவர்க்காரமும் போட்டு, நிரம்பினதும் ஊருக்கு அனுப்புவார்களாம். இந்தமுறை வருடம் இல்லை, நாலு நாள்தான் இருந்தது.

எங்கள் சனம் கைவிடவில்லை. மாலைக்குள் வாசல் நிறையப் பை வந்தது. பைகளைத் திறந்த எனக்குத்தான் தலை சுற்றியது. வறுத்த அரிசி மா பத்துக் கிலோ. மிளகாய்த்தூள் ஆறு போத்தல். கரை வைத்த பட்டுச்சேலை இரண்டு. அடியில் ஒரு இடியப்ப உரல்.

"அக்கா, தண்ணிக் குழாயெல்லாம் சாம்பலால அடைச்சுப்போய் இருக்கெண்டு இப்பதான் ரீவியில சொன்னது. உந்தச் சனம் குடிக்கத் தண்ணி இல்லாம இடியப்பம் அவிக்கவோ?"

"நல்ல மனசோட தந்ததுகள். ஏசாத."

"மனசை நான் ஏசேல்ல. மாவைத்தான் ஏசுறன்."

இதில் எனக்கு அனுபவம் உண்டு. நிவாரணம் வாங்குகிற பக்கத்தில் நின்றவள் நான். சங்கக்கடைக்கு வந்த பெட்டிகளை நான்தான் உடைப்பேன். வெயில் கொளுத்துகிற மன்னாருக்குக் கம்பளிக் கோட்டு வந்திருக்கிறது. ஒரு பெட்டி நிறையச் சப்பாத்து வந்தது, எல்லாம் வெறும் கோது, பாதிக்குச் சோடி இல்லை. அந்தப் பெட்டியின் இடத்தில் எத்தனை பால்மாப் பைக்கற் வந்திருக்கும் என்று எண்ணி எண்ணி வயிறெரிந்தேன். அனுப்புகிறவர்களை ஒருநாள் நேரில் கண்டால் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். கடைசியில் நானே அனுப்புகிற பக்கத்துக்கு வந்து நிற்கிறேன். மாவையும் தூளையும் அக்காவின் அலுமாரிக்குள் தள்ளிவிட்டு, அக்காவின் மகள் ஷெரினைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெண்களுக்கான பாட், உள்ளுடுப்பு, சட்டைப்பின், நைலோன் கயிறு, ரோச் லைற், பத்திரங்கள் வைக்கத் தடித்த பிளாஸ்ரிக் உறை. ஷெரின் உறையைப் பார்த்து, "சின்னம்மா, சீரியஸ்லி? டொக்கியுமென்ற் ஃபோல்டரா?" என்றாள். இடம்பெயர்ந்தவருக்குச் சோறு யாராவது தருவார்கள், பிறப்புச் சான்றிதழ் ஒருவரும் தரமாட்டார்கள் என்று சொன்னேன். அவள் இன்னும் நாலு உறை எடுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை ஷெரினுக்கு வேலை. என்னையும் இரண்டு பெரிய பயணப்பெட்டியையும் காலையில் ரெயினில் ஏற்றிவிட்டாள். நகரத்தில் இறங்கி ஸ்ரீட்கார் பிடிக்க வேண்டும், மேற்குப் பக்கம் போகிறதில் ஏற வேண்டும் என்று மூன்று தரம் சொன்னாள். ஸ்ரீட்கார் என்பது தெரு நடுவே தண்டவாளத்தில் ஓடுகிற பஸ். மேற்கு எது என்று நான் சூரியனைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். அன்றைக்குச் சூரியன் இல்லை. பக்கத்தில் நின்றவரிடம் கேட்காமல் வந்த முதல் வண்டியில் ஏறினேன். வாயுள்ள எனக்கே இந்த நிலை என்றால் பாருங்கள்.

அரை மணித்தியாலம் போன பிறகு முன் ஆசனத்தில் இருந்த ஒருவர் திரும்பி என் பெட்டியில் ஒட்டியிருந்த தமிழ் எழுத்தைப் பார்த்தார். எழுபது வயது இருக்கும். "தங்கச்சி எங்கை போறியள்?"

"பார்க்டேல், அண்ணை."

"அது மற்றப் பக்கம். நீங்கள் கிழக்கால போறியள்."

இறங்கு என்று எனக்கு வழி சொல்லிவிட்டுத் தன்பாட்டில் போயிருக்கலாம். அவர் ஒரு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு என்னோடு இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்ப்பக்க வண்டியில் ஏற்றி, தானும் ஏறினார். வேலை இல்லையா அண்ணை என்று கேட்டேன். "பென்சன்காரன். நானும் முதல் வந்து இறங்கினது பார்க்டேல்தான். ஒரு றூமில ஆறு பேர், ரெண்டு குளிர்ச்சட்டை. வேலைக்குப் போறவன் போட்டுக்கொண்டு போவான், மற்றவை வீட்டில. பாத்துக் கனகாலம்" என்றார். பெட்டிக்குள் என்ன என்று கேட்டார். சொன்னேன். "நெருப்பு மலையோ" என்றுவிட்டுப் பெட்டியைத் தன் காலோடு இழுத்து வைத்துக்கொண்டார். தேவாலய வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, பெயரும் சொல்லாமல், தான் இருந்த கட்டடம் இன்னும் நிற்கிறதா பார்க்கப் போகிறேன் என்று நடந்துவிட்டார்.

நிலக்கீழ் அறையில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். ஒருவரும் அழவில்லை, எல்லோரும் எதையோ மடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக நீலப் பரல்கள் வரிசையாக நின்றன. மேசையில் ஒரு தொலைபேசி பேசிக்கொண்டிருந்தது. தீவிலிருந்து யாரோ அனுப்பிய ஒலிப்பதிவு. தகரக் கூரையில் மணலைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அதற்கு மேல் ஒரு பெண்ணின் குரல். சாம்பல் முழங்கால் அளவு நிற்கிறதாம். மழை பெய்தால் அது சீமெந்து மாதிரி இறுகிக் கூரையை அமுக்கிவிடுமாம், ஆம்பிளைகள் ஏறி வழித்துக்கொண்டு இருக்கிறார்களாம். வடக்கு ஊர்கள் எல்லாம் வெறுமை. தெற்கில் பள்ளிக்கூடம் எல்லாம் நிரம்பிவிட்டதால் வீட்டுக்காரர் முன்பின் தெரியாத குடும்பங்களைக் கூப்பிட்டுத் தங்கவைத்திருக்கிறார்களாம். "எங்கட வீட்டில பதினேழு பேர். ஒரு கக்கூஸ்" என்று அந்தக் குரல் சொல்ல, மடித்துக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மடுவில் எங்களுக்கு நானூறு பேருக்கு ஒன்று.

வேர்னாவுக்கு என் வயது. அதனால்தான் அவள் என்றே எழுதுகிறேன். நல்ல உயரம், அகன்ற தோள், காதில் சின்னத் தோடு. அவளுடைய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கும், மீதியை அவள் கை சொல்லும். இங்கே அவள் பேசுவதெல்லாம் என் தமிழ். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து, "மிஸ் திரேஸ், உன்ர அக்காவுக்கு மூக்கு இதேதான்" என்றாள். பிறகு கடதாசித் தட்டில் ஒரு சாப்பாடு தந்தாள். சுட்டு, கரித் தோல் சீவி, வெட்டி வைத்த வெள்ளைத் துண்டு, பக்கத்தில் பொரித்த மீன். வாயில் வைத்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஈரப்பலாக்காய்.

"இது எங்கட ஊரிலயும் இருக்கு" என்றேன். "நாங்கள் தேங்காய்ப் பால் விட்டுக் கறி வைப்பம்."

"பாலிலயோ? சுடாமலோ?" அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பாவம் அந்தக் காய்."

இரண்டு பேரும் அதைப் பற்றிப் பத்து நிமிடம் சண்டை பிடித்தோம். தீவில் தங்கள் வீட்டு முற்றத்து மரம் இப்போது இலையே இல்லாமல் நிற்கிறதாம் என்று இடையில் ஒரு வரி சொன்னாள். சொல்லிவிட்டு இன்னொரு துண்டை என் தட்டில் வைத்தாள்.

அவளுடைய பரல் பாதி நிரம்பியிருந்தது. பரல் அடுக்குவதற்கு அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. வெறுமையாக ஒன்றும் போகக்கூடாது. சட்டிக்குள் சவர்க்காரம், கோப்பைக்குள் தேயிலை, வாளிக்குள் முகக்கவசம். நான் பார்த்து மெச்சினேன். என் பெட்டிகளைத் திறந்து காட்டியதும் அவளும் மெச்சினாள். பாட் பைக்கற்றுகளைத் தூக்கி மற்றப் பெண்களுக்குக் காட்டி, "பாருங்கோ, இவவுக்குத் தெரியும்" என்றாள். எனக்குத் தலைக்கனம் ஏறியது அந்த இடத்தில்தான். தண்ணீர் சுத்திகரிக்கிற மாத்திரை வாங்க மருந்துக் கடைக்குப் போய்வருகிறேன், நீயே மிச்சத்தை அடுக்கு என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

நான் மிச்சத்தை அடுக்கவில்லை. முழுப் பரலையும் வெளியே எடுத்துத் திரும்ப அடுக்கினேன். முப்பது வருடப் பழக்கம். அடியில் பாரமானது, நடுவில் உடையக்கூடியது. பரலின் நடுவில் ஒரு சோடி இறப்பர் பூட்ஸ் நின்றது. முழங்கால் உயரம், பென்னாம் பெரிய அளவு. ஒருவருக்கு மட்டும் உதவுகிற சாமான், பன்னிரண்டு பால்மாப் பைக்கற்றின் இடம். எனக்குப் பழைய சப்பாத்துப் பெட்டி ஞாபகம் வந்தது. தூக்கி மேசையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் பால்மாவை இறுக்கினேன். பரல் விளிம்புவரை அழகாக வந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் வேலையை நானே பார்த்துச் சந்தோசப்பட்டேன்.

வேர்னா வந்து முதலில் பரலைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். கதிரையை இழுத்து அதில் இருந்தாள்.

நான் விளக்கம் சொன்னேன். ஒரு ஆளுக்கு ஒன்று என்று அனுப்பினால் பத்துப் பேருக்கு இல்லாமல் போகும், நான் வாங்குகிற பக்கத்தில் நின்றவள், எனக்குத் தெரியும் என்றெல்லாம் சொன்னேன். அவள் ஒரு பூட்ஸை எடுத்து மடியில் வைத்து உள்ளே கையை விட்டாள். காலுறை வந்தது. காலுறைக்குள்ளே சுற்றிய இரத்த அழுத்த மாத்திரை வந்தது. வாசிக்கிற கண்ணாடி, பற்றரி, ஆட்டுக்குப் பூச்சி மருந்து, மரக்கறி விதைப் பைக்கற், தூண்டில் நரம்பு. மற்றப் பூட்ஸிலும் அப்படியே. எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்தாள். வெறுமையாக ஒன்றும் போகக்கூடாது என்று எனக்குப் படிப்பித்தவள் வெறும் சப்பாத்தை வைப்பாளா என்று நான் யோசித்திருக்க வேண்டாமா? உள்ளே கூட எட்டிப் பார்க்கவில்லை.

"என்ர அண்ணன் எல்ரன்" என்றாள் வேர்னா. "மலையடியில ஆடு வளக்கிறவன். எல்லாரையும் கீழ இறங்கச் சொல்லேக்க, கட்டிக் கிடக்கிற ஆட்டை அவிட்டு விட்டுட்டு வாறன் எண்டு மேல போனவன். அண்டைக்கு விடியத்தான் வெடிச்சது. இண்டைக்கு நாலு நாள். ஒருத்தரும் காணேல்ல."

அக்காவுக்குக்கூட இதை அவள் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் எல்லோரும் ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுவார்கள், ஆறுதல் சொன்னால் அவன் இல்லை என்று ஆகிவிடும் என்றாள்.

 நானும் ஒரு கதிரையை இழுத்து இருந்தேன். சங்கக்கடையில் எனக்கு சலோமை என்றொரு வாடிக்கைக்காரி இருந்தாள். நிவாரண அட்டையில் மூன்று பெயர். அதில் ஒன்று கடலுக்குப் போய்த் திரும்பாத மகனுடையது. ஒவ்வொரு கிழமையும் மூன்று பங்குக்கும் பையைப் பிடிப்பாள், நானும் மூன்று பங்கும் நிறுப்பேன். பரிசோதகர் வந்து ஏன் இந்தப் பெயரை இன்னும் வெட்டவில்லை என்று கேட்டபோது, பேனையில் மை இல்லை சேர் என்றேன். அடுத்தமுறை வந்தும் கேட்டார். அடுத்தமுறையும் மை இல்லை. அந்த அட்டை செல்லாமல் போகும்வரை நான் வெட்டவில்லை. என் உத்தியோகத்தில் நான் பெருமைப்படுகிற காரியம் அது ஒன்றுதான். அப்படிப்பட்ட நான் இங்கே வந்து, முன்பின் தெரியாத ஒருவரின் பெயரை ஒன்றரை மணித்தியாலத்தில் வெட்டிவிட்டேன்.

"என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன். சலோமையின் கதையையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். மை இல்லை என்ற இடத்தில் வேர்னா சிரித்துவிட்டாள். சிரிக்கத் தொடங்கியதும் அழுகையும் வந்தது. அந்த அறையில் அன்றைக்கு அழுத ஆட்கள் நாங்கள் இரண்டு பேரும்தான். பிறகு பரலைத் திரும்பவும் கவிழ்த்தோம். பூட்ஸுக்குள் எல்லாவற்றையும் நிரப்பி, நடுவில் நிறுத்தி, சுற்றிவரப் பால்மாவை நெருக்கினோம். இரண்டே இரண்டு பைக்கற்தான் மிஞ்சியது.

சனிக்கிழமை ஷெரின் தன் காரோடு வந்தாள். பரல் பின் டிக்கிக்குள் போகவில்லை, பின் ஆசனத்திலும் போகவில்லை. கடைசியில் முன் ஆசனத்தை முழுக்கச் சாய்த்து, பரலைப் படுக்கவைத்து, அதற்கு ஆசனப் பட்டியும் போட்டாள். வேர்னாவும் நானும் பின்னால் ஒரு மூலையில் ஒடுங்கி இருந்தோம். பிறம்ரன் போகிற பெருந்தெருவில் லொறிகள் இரண்டு பக்கமும் மதில் மாதிரி நின்றன. நடுவே ஒரு விபத்து. முக்கால் மணித்தியாலம் அசையவில்லை. "சின்னம்மா, ஜிபிஎஸ் இப்ப ட்வெல்வ் ஓ ஃபைவ் எண்டு காட்டுது, வீ ஆர் நொற் மேக்கிங் இற்" என்றாள் ஷெரின். வேர்னா பரலின் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். பன்னிரண்டு அடிக்க நாலு நிமிடம் இருக்கும்போது களஞ்சிய வாசலுக்குள் திரும்பினோம்.

அங்கே தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் படிவத்தை நீட்டினார். பரலில் பெயர் எழுதியில்லையே என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன். தேவாலயத்தில் எல்லாப் பரலிலும் கறுப்பு மையால் பெயர் இருந்தது, வேர்னாவின் பரலில் மட்டும் இல்லை. படிவத்தில் இரண்டு கோடு. முதலாவது பெறுபவர். இரண்டாவது, அவர் வராவிட்டால் வேறு யார். பெறுபவர் அடையாள அட்டையோடு துறைமுகத்துக்கு நேரில் வரவேண்டுமாம்.

வேர்னா பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிறாக்ரிக்கலா யோசிச்சா, அங்க இருக்கிற பாஸ்ரர்ர நேம் போடுறது சேஃப்" என்றாள் ஷெரின் மெதுவாக.

அவள் சொன்னது சரி. முந்தின நாள் காலையில் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"போதகரை ரெண்டாவது கோட்டில போடு. முதல் கோட்டில உன்ர அண்ணனைப் போடு" என்றேன்.

"அவன் இல்லையெண்டா?"

"இல்லையெண்டு ஆராவது சொன்னவையோ?"

"இல்லை."

"அப்ப இருக்கிறார். எழுது."

அவள் எழுதினாள். பெரியவர் தடித்த கறுப்பு மார்க்கரைத் தந்தார். வேர்னா அதை என் கையில் வைக்க, பரலில் நான் எழுதினேன். சாக்கில் எழுதிப் பழகிய கை, நல்ல பெரிய எழுத்து. ஆங்கிலத்தில் எழுதி முடித்து, கை தன்பாட்டில் கீழே தமிழிலும் எழுதிவிட்டது. எல்ரன். பெரியவர் அதைப் பார்த்து, இது என்ன மொழி என்று கேட்டார். பிறகு பரலைச் சாய்த்து உருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

அதன் பிறகு பதினொரு நாள். நான் சமைத்தேன், அக்கா குறை சொன்னாள், அவளை நடக்கப் பழக்கினேன். தெருவில் நாங்கள் இரண்டு பேரும் ஊன்றுகோலோடு போக, கார்கள் நின்று நின்று போயின. எல்ரனைப் பற்றி ஷெரின் சொல்லிவிட்டதால், தொலைபேசி அடித்த போதெல்லாம் அக்கா என்னைப் பார்த்தாள், நான் அடுப்பைப் பார்த்தேன். மலை இன்னும் இரண்டு தரம் வெடித்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில் வாசல் மணி அடித்தது. மூன்று பஸ் மாறி வேர்னா வந்து நின்றாள். கையில் ஒரு பை. உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றி, பையிலிருந்த ஈரப்பலாக்காயை மேசையில் வைத்து, அதற்குப் பிறகுதான் சொன்னாள். எல்ரன் இருக்கிறார். ஆடுகளை அவிழ்த்துவிட்டு மலையின் மற்றப் பக்கத்தால் கடற்கரைக்கு இறங்கியிருக்கிறார். மீன்பிடிக்காரர் சிலர் அவரையும் மூன்று ஆட்டையும் வள்ளத்தில் ஏற்றிப் பக்கத்துக் குட்டித் தீவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தொலைபேசி தண்ணீரில் போய்விட்டது. அங்கே ஒரு தேவாலய மண்டபத்தில் சாம்பல் இருமலோடு படுத்திருந்தாராம். "எட்டு ஆட்டில மூண்டுதான் மிச்சம் எண்டு எனக்கு ஏசுறான். நான் என்ன செய்ய?" என்றாள். அக்கா ஊன்றுகோலைப் போட்டுவிட்டு எழுந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். வழமைபோல வேர்னாதான் பாரத்தைத் தாங்கினாள்.

அன்றைக்கு அந்தக் காயைப் பாதி சுட்டோம், பாதி தேங்காய்ப் பாலில் கறி வைத்தோம். வேர்னா கறியில் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். நல்லாயிருக்கு என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

நான் மன்னாருக்குத் திரும்பி நாலு மாதம் இருக்கும். ஷெரின் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வேர்னாவுக்குத் தீவிலிருந்து வந்த படம். புதுத் தகரம் போட்ட ஒரு வீடு. மதில் ஓரத்தில் இன்னும் சாம்பல் குவியல். உயரமான ஒருவர் முழங்காலளவு பூட்ஸ் போட்டுக்கொண்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில், கூரைப் பீலிக்குக் கீழே, எங்கள் நீலப் பரல். நிறைய மழைத் தண்ணீர். அந்த ஊருக்குக் குழாய்த் தண்ணீர் இன்னும் வரவில்லையாம். பரலுக்குள் என்ன வைப்பது என்று நாங்கள் பட்ட பாட்டுக்கு, அங்கே வேலைக்கு உதவியது பரல்தான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் எழுத்து அப்படியே இருந்தது, தமிழும் இருந்தது. அதற்குக் கீழே யாரோ வெள்ளைச் சுண்ணக்கட்டியால் வேறு பெயர்கள் எழுதியிருந்தார்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக ஏழு பெயர். தண்ணீர் எடுக்கிற வீட்டுக்காரரின் பெயர்கள் என்று ஷெரின் எழுதியிருந்தாள். மேலே உள்ள பெயரை ஒருவரும் வெட்டவில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் எண்ணினேன். எல்ரனோடு எட்டுக் குடும்பம், ஒரு பரல். குடும்பத்துக்கு இரண்டு வாளி வரும்.